ஊசிக்கு முன் இரண்டு கோழி

1967 ஜூலை 15, சனிக்கிழமை, காலை ஆறே கால் மணி. சாரல். வெயிலும் இல்லை, மழை என்று சொல்லும்படியும் இல்லை. நான் அப்போது தென்காசியில் மாட்டு டாக்டர். ஐந்தருவிக்கு மேலே ஒரு பழத்தோட்டத்தில் பாரஸ்ட்காரர்கள் வைத்த கூண்டில் முந்தின நாள் ஒரு சிறுத்தை சிக்கியிருந்தது. அதை மயக்கி, ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்து, உயிரோடு காட்டில் விட வேண்டும். அதுவரை நான் மயக்கியதெல்லாம் மாடும் நாயும்தான்.

எடை ஐம்பது கிலோ என்று கண்ணளவில் வைத்து மருந்தை அளந்தேன். மூங்கில் கழி நுனியில் சிரிஞ்சைக் கட்டிக் கம்பி வழியே தொடையில் குத்தினோம். பதினோராவது நிமிடம் சாய்ந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. புது மருந்து; கண் திறந்தே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தூங்குகிறது என்றார் கம்பவுண்டர் சங்கரன். தோட்டக் காவல்காரர் மாடசாமி, "அது உங்களத்தான் பாக்குது அய்யா" என்றார். கழியால் காதைத் தொட்டேன். அசைந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அந்த நேரத்தில் அது வாந்தி எடுத்தது. இறகோடு கோழிக்கறி. கரகரவென்று இழுத்து மூச்சு நின்றது. யார் தீனி போட்டது என்று கேட்டேன்.

"நாந்தான். விடியக்காலம் ரெண்டு கோழி போட்டேன். வெறும் வயித்துல ஊசி போட்டா தல சுத்தும்லா அய்யா" என்றார் மாடசாமி.

"தல சுத்தத்தாம்வே ஊசியே போடுதோம்" என்றார் சங்கரன்.

கூண்டைத் திறக்கச் சொன்னேன். அந்தக் கண் என் மேலேயே இருந்தது. இருவரும் தலையைத் தாழ்த்திப் பிடிக்க, நாக்கை இழுத்துத் தொண்டைக்குள் விரல் விட்டேன். நாலாவது துண்டு வெளியே வந்ததும் மூச்சு வந்தது. ரத்தம் எடுத்துக் குப்பியை மூடும்போதுதான் என் விரல் பல்லில் கிழிந்திருப்பதைப் பார்த்தேன்.

சாயங்காலம் சிறுத்தை எழுந்து, தள்ளாடி, மலையைப் பார்த்து நடந்தது. அதற்கு வெறிநோய் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

புதிதாக வரும் டாக்டர்கள் மயங்கிய மிருகத்தின் கண்ணைத் துணியால் மூட வேண்டும். தீனி போடாதே என்று முந்தின நாளே சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். நான் மாடசாமியிடம் "நாளைக்கு ஊசி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

விரலுக்காகத் திருநெல்வேலியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, தினம் ஒன்று. ஊசி இலவசம். பஸ்ஸுக்குப் போகவர இரண்டு ரூபாய் எண்பது பைசா. ஆக, முப்பத்தொன்பது ரூபாய் இருபது பைசா.