சீல் உடைக்காத மாத்திரை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். துபாய் வெயிலில் இருபது வருஷம் நின்றும் அது குறையவில்லை.

என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தென்காசியிலிருந்து போன் வந்தது. தினம் ஒரு மாத்திரை விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வாளாம். நம்மூர்க் கம்பெனி மாத்திரை; அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே தருகிறார்களாம். சும்மா கிடைப்பது உயிரைக் காப்பாற்றுமா? அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அசல் வெளிநாட்டு மாத்திரையைத் துபாயில் வாங்கி, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். அதற்காக விடுமுறை நாளிலும் வேலை பார்த்தேன், லீவுக்கும் போகவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஊருக்கு வந்து அலமாரியைத் திறந்தால், அனுப்பிய பெட்டி அத்தனையும் சீல் உடைக்காமல் இருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஏட்டி, சாகணும்னே முடிவு பண்ணிட்டியா?"

"ஆஸ்பத்திரி டாக்டரம்மா தந்ததத்தான் திங்குதேன். ரெண்டு தடவ சொன்னேன், நீங்க போன வச்சிட்டிய."

சொன்னாள்தான். வைத்தேன்தான்.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குப் போனேன். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை என் கையில் தந்தார். நோய் அடங்கியிருந்தது.

"ரெண்டும் ஒரே மருந்துதான், பாய். உலக வர்த்தக அமைப்புல சேர்ந்தப்ப மருந்துக் காப்புரிமைச் சட்டத்த மாத்தச் சொல்லி நம்ம நாட்ட நெருக்குனாங்க. மாத்துனோம். ஆனா பழைய மருந்த லேசா மாத்திட்டு வந்து, மறுபடியும் எங்களுக்கு மட்டும்தான் செய்யிற உரிமைன்னு ஒரு கம்பெனி கேட்டா தர மாட்டோம்னு ஒரு பிரிவ வச்சிக்கிட்டோம். இந்த மாத்திரைக்காகவே வெளிநாட்டுக் கம்பெனி கோர்ட்டு வரைக்கும் போச்சு. நாடு அசையல. அதான் நம்ம கம்பெனிங்க இங்கயே மலிவா செய்ய முடியுது, நாங்களும் சும்மா தர முடியுது."

அந்த உலகச் சந்தைதான் எனக்குச் சோறு போட்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கேட்டதற்கெல்லாம் நாடு தலையாட்டியிருந்தால்? வராந்தாவில் மாத்திரைக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்தேன். பீடி சுற்றும் பெண்கள், வயல் வேலைக்காரர்கள். மாத்திரை வாங்கி அனுப்பத் துபாயில் ஆள் இல்லாதவர்கள். நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது.

சாரல் நேரம். அங்கிருந்து நேரே குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். ஆசை தீரக் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து, மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பிரிவ விட மாட்டேன்னு டெல்லில எவனோ ஒருத்தன் பிடிவாதமா நின்னிருக்கான். அவனுக்குத் துஆ கேக்கணும். பேரு தெரியாம எப்படிக் கேக்க?"

"அல்லாவுக்குத் தெரியுமில்லா. நீங்க கேளுங்க."