ஒண்ணுமில்லீங்க டீச்சர்

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பக்கத்துப் பள்ளியில் காலைப் பிரேயருக்கு மைக் போட்டார்கள். முதலில் ஒரு கீச்சொலி, பிறகு ஏதோ ஒரு பிள்ளையின் மூச்சுச் சத்தம். எனக்கு ஐந்தாம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

மழை பொய்த்த வருடம் அது. பள்ளிக் கிணறு வற்றி, லாரியில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் தலைமையாசிரியை ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தினமும் பிரேயரில் வகுப்புக்கு ஒருவர் முன்னால் வந்து யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்.

அந்த மாதம் தொப்பூர் மலை இறக்கத்தில் சரக்கு லாரி கவிழ்ந்து, அதை ஓட்டிய என் அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்து பள்ளிக்குப் போன வாரமே என் முறை வந்தது. எனக்கு முன்னால் பேசிய நாலாம் வகுப்புப் பையன், "தண்ணி லாரி டிரைவருக்கு நன்றிங்க" என்றான்.

நான் மைக்கைப் பிடித்தேன். துரு வாடை அடித்தது.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

அடி விழும் என்று நினைத்தேன்.

"இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லணும். நீ போய் நில்லு கண்ணு" என்றார் தலைமையாசிரியை.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மறுபடி என் முறை வந்தது.

"அன்னிக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னப்ப என்னைத் திட்டாம வுட்டுட்டீங்க. அதுக்கு நன்றிங்க டீச்சர்."

அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த வகுப்பைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம்தான் நான் அம்மாவிடம் முதல்முறையாக அப்பாவைப் பற்றிப் பேசினேன்.

மைக்கில் குறள் சொல்லி முடித்தார்கள். தருமபுரி வண்டி வந்தது. ஏறிக்கொண்டேன்.