சரோஜாவின் ஸ்டாப்

எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில் எல்லாமே கை தூக்கித்தான். கேசட்டில் பக்திப் பாட்டா, சினிமாப் பாட்டா... கை தூக்கு. ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா... கை தூக்கு. இத்தனை ஜனநாயகம் நாடாளுமன்றத்திலாவது இருக்குமா?

போன மாதம் சரோஜாவின் ஸ்டாப்புக்கும் கை தூக்கினோம்.

சரோஜா இருப்பது செமோர் பக்கம். துண்டு போட்டு விற்றுவிட்ட ரப்பர் தோட்டத்தில் மிச்சமிருக்கும் தொழிலாளர் லயத்து வீடு. அவள் ஒருத்தியை ஏற்ற பஸ் பெரிய ரோட்டை விட்டுச் செம்மண் சடக்குப் பாதையில் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். பதினைந்து நிமிடம்! நாற்பது பேரின் தூக்கமா, ஒருத்தியின் நடையா?

கணக்கை எடுத்துச் சொன்னது வேறு யார், நான்தான். ஆபீஸ் கிளார்க், போதாததற்குப் பத்திரிகையில் எழுதுகிறவள் — சும்மா இருப்பேனா? நிறையப் பேருக்கு எது நல்லதோ அதுதான் நியாயம் என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். கைகள் மளமளவென்று உயர்ந்தன. டிரைவர் ராமு அண்ணனும் தலையாட்டிவிட்டார்.

சரோஜா சண்டை போடவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வேலைக்கு எடுக்கையில வீட்டுக்கிட்ட பஸ் வரும்னு சொல்லித்தானேக்கா எடுத்தாங்க. அது என்னோடதுலா. நீங்கள்லாம் கை தூக்கினா இல்லாமப் போயிருமா?"

நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவள் ரப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு மைல் நடந்து பெரிய ரோட்டுக்கு வந்தாள். மழை பிடித்துக்கொண்ட இரண்டு நாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். இன்னொரு நாள் லேட் என்றால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். நாங்களோ நன்றாகத் தூங்கினோம்.

போன வாரம் பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"பாலத்து ஸ்டாப்புல ரெண்டே பேருதான். அதையும் எடுத்துட்டா இன்னும் பத்து நிமிஷம் மிச்சம்லா."

அந்த ரெண்டே பேர் யார்? நானும் பக்கத்து வீட்டு லெட்சுமியும்!

எனக்கு வந்ததே கோபம்... உரிமை என்றேன், கொடுத்த வாக்கு என்றேன், முழங்கால் வலியைக்கூட விடவில்லை. போன மாதம் சரோஜா கேட்டதையே சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விட்டேன். யார் கேட்டார்கள்? கைகள் உயர ஆரம்பித்தன.

உயராத கை ஒன்று இருந்தது. செம்மண் அப்பிய செருப்போடு உட்கார்ந்திருந்த சரோஜாவின் கை.

"அக்கா ஸ்டாப்ப எடுக்க நான் கை தூக்கமாட்டேன்," என்றாள். "சரி, இதுக்கு அடுத்து ஆள் கம்மியான ஸ்டாப்பு எது?"

கோயில் ஸ்டாப்பில் ஏறும் நாலு பேரின் கைகள் முதலில் இறங்கின. அப்புறம் மார்க்கெட் ஸ்டாப் ஆறு பேர்... எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை வெட்கம். எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இனிமே பாட்டுக்கு மட்டும் கை தூக்குங்க," என்றார் ராமு அண்ணன்.

இப்போது பஸ் மறுபடியும் செம்மண் சடக்கில் குலுங்கிக் குலுங்கிப் போகிறது. என் தூக்கம் கலைந்துவிடுகிறது.

கலையட்டும்... அந்தப் பதினைந்து நிமிடம் என்னுடையதே இல்லையே!