பதினேழாம் படுக்கையின் நாடி

இடுப்பு உயரத்திலிருந்து கைபேசியைத் தரையில் விடுகிறார். குனிந்து எடுக்கவில்லை. அது உடைந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. சுற்றிலும் படுத்திருக்கும் நோயாளிகளின் முகங்களைத்தான் பார்க்கிறார். "சத்தத்துக்கு யாரு முழிக்கிறாங்கன்னு பாக்கணும். கண்ணாடி போனா வேற போட்டுக்கலாம்" என்கிறார். பிறகு சாவகாசமாக எடுத்து, மூலையில் விழுந்த கீறலை நகத்தால் தடவிவிட்டு, "நீ தேற மாட்டே" என்று அந்தக் கைபேசியிடமே சொல்கிறார். கொண்டுவந்த கம்பெனிக்காரர் இல்லாத வேர்வையைத் துடைத்துக்கொள்கிறார்.

மருத்துவமனையில் இவருக்குப் 'போன் சிஸ்டர்' என்று பெயர். ஐம்பத்தாறு வயது, வற்றிய உடம்பு, எப்போதும் ஈரமான கைகள். நோயாளியின் காய்ச்சல், நாடி, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் இனிமேல் காகிதத்தில் எழுதக்கூடாது, நர்ஸ்கள் கையிலேயே ஒரு கைபேசி கொடுத்து அதில் பதியவைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. எந்தக் கைபேசி என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை, ஆறு மணிக்கே வந்துவிடுகிற சீனியர் என்பதற்காக, இவர் தலையில் கட்டினார்கள். கட்டியவர்கள் அப்புறம் வருத்தப்பட்டார்கள்.

எனக்கு ஆஸ்பத்திரி வாசனை அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அந்தப் பொது வார்டில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு பதினாறாம் படுக்கையில் கிடந்தவன் என் மச்சான். அவனுடைய அக்கா என் மனைவி. வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அப்படிப் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருந்ததில்தான் போன் சிஸ்டரைப் பார்க்கக் கிடைத்தது. மூன்று கம்பெனிகள் மூன்று விதமான கைபேசிகளைக் கொடுத்திருந்தன. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கையுறையையும் நனைத்துக்கொண்டு, திரையைத் தட்டிப் பார்ப்பார். யூனிபார்ம் பையில் போட்டுக்கொண்டு மலத்தட்டை எடுப்பதுபோலப் பத்துமுறை குனிந்து எழுவார். மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் நூறுமுறை துடைப்பார், எண்ணிக்கொண்டே. "இது ஆபீஸ்ல உக்காந்து பேசறவங்களுக்குச் செஞ்ச போன் சார். எங்க கை எப்பவும் எதிலயாவது நனைஞ்சுக்கிட்டே இருக்கும். அதுக்குன்னு ஒண்ணு கொண்டாங்க" என்று முதல் கம்பெனியைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது கைபேசி அதிர்ந்த அதிர்ச்சியில் ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதுவும் போயிற்று.

மூன்றாவதை அவர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் கண்ணாடியோ பேட்டரியோ இல்லை. நர்ஸ் நோயாளியின் கையில் கட்டிய பட்டையின்மேல் கைபேசியைக் காட்டி, நாடியைப் பதிந்தவுடன், அந்த நோயாளியின் வீட்டில் ஒருவருக்குத் தானாகவே ஒரு செய்தி போகும். 'நலம். நாடி இவ்வளவு. விழித்திருக்கிறார்' அல்லது 'உறங்குகிறார்'. கதவுக்கு வெளியே உறவுக்காரர்கள் தவிப்பதை முப்பது வருஷம் பார்த்தவர் அவர். "ஒரு வரி தெரிஞ்சாப் போதும். வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடுவாங்க" என்றார். அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினார். எங்கள் வார்டில் ஒரு மாதம் வெள்ளோட்டம், அவர் சரியென்று அறிக்கை கொடுத்தால் மற்ற ஒன்பது வார்டுகளுக்கும் வரும் என்று ஏற்பாடாயிற்று.

கைபேசிகள் வந்த பிறகு வார்டு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டைகள் போய்விட்டன, கொக்கிகள் மட்டும் இருந்தன. காகிதம் புரளும் சத்தம் இல்லை, "தாத்தா, கையைக் குடுங்க" என்ற அதட்டல் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, நாடி பார்க்கச் சொல்லி நினைவூட்ட, எல்லா நர்ஸ்களின் பைகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் ஒரு மெல்லிய உறுமல் எழும், சுவருக்குள் வண்டு புகுந்ததுபோல. வெயில் ஜன்னலில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும். யாரும் எங்கேயும் நகர மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த உறுமல் அடங்கிவிடும்.

வெள்ளோட்டத்தின் கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை, அந்த உறுமல் அடங்கிய சற்று நேரத்தில் என் கைபேசிக்குச் செய்தி வந்தது. 'நலம். நாடி 72. உறங்குகிறார்.' மச்சான் அப்போது எழுந்து உட்கார்ந்து, வலி பொறுக்காமல் தலையணையைக் குத்திக்கொண்டிருந்தான். ஒருவரும் அவன் பக்கத்தில் வரவில்லை. நான் அவனுக்குச் செய்தியைக் காட்டினேன்.

"நான் தூங்கறேனா அத்தான்?" என்றான். "அப்ப மெதுவாப் பேசுங்க. எழுப்பிடப் போறீங்க."

சிரித்தோம். மறுநாளும் அதே இரண்டு மணி, அதே உறக்கம், நாடி 74. அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னை யாரோ இன்னொரு இடத்தில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வதுபோல இருக்கிறது என்று மச்சான் சொன்னான். வாயாடிப் பயல், சொல்லிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

போன் சிஸ்டரிடம் காட்டினேன். படித்தார். மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினார். தொண்ணூற்றெட்டு. தன் கைபேசியை எடுத்து வார்டு முழுக்க உள்ள கணக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் எழுபதுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவுல துடிக்குது" என்றார். "இவ்வளவு ஒழுங்கான நோயாளிங்களை நான் பாத்ததே இல்ல."

"என்ன செய்யப் போறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கணும் சார். இருபத்திநாலு கட்டிலுக்கு ரெண்டு பொண்ணுங்க. இப்ப ஏதாவது சொன்னா அதுங்க வேலையும் போகும், இந்த போனும் போகும். வெள்ளிக்கிழமை தாண்டட்டும், நானே உக்காந்து சரிபண்றேன்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பதினேழாம் படுக்கையில் நெஞ்சுச் சளியோடு ஒரு முதியவர் இருந்தார். தையல்காரராக இருந்தவர். போர்வை ஓரத்தை விரலால் மடித்து மடித்துத் தைப்பதுபோலச் செய்துகொண்டே இருப்பார். காலையும் மாலையும் அவர் மகள் வருவாள். வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு அவர் இறந்துபோனார். டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மகளும் உறவினர்களும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டிலுக்குப் புது விரிப்பு வந்தது. மச்சான் அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவேயில்லை.

இரண்டு மணிக்கு வழக்கம்போலப் பைகள் உறுமின. என் மச்சான் வழக்கம்போல நலமாக உறங்கினான்.

நான்கு மணிக்கு அந்த மகள் வார்டுக்குள் வந்தாள். சேலை விளிம்பில் ஈரமண். நேராகப் பதினேழுக்குப் போய் நின்றாள். விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமான குரலில் மச்சானிடம் கேட்டாள்:

"அப்பா எழுந்துட்டாரா?"

அவள் தன் கைபேசியை எங்களிடம் நீட்டினாள். 'நலம். நாடி 74. உறங்குகிறார்.' நேரம் பிற்பகல் இரண்டு.

"பன்னெண்டரைக்கு அடக்கம் பண்ணிட்டோம்" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இரண்டு நர்ஸ்களில் இளையவள் மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரோ போய்ச் சொல்லி, மேனேஜர் ஓடிவந்தார். கூடவே போன் சிஸ்டரும் வந்தார். மேனேஜர் பதமாகப் பேசத் தெரிந்தவர்.

"அம்மா, இது மெஷின் பண்ற கூத்து. காலையில ஆறு மணிக்கு அனுப்பினது. லைன் கிடைக்காம ரெண்டு மணிக்கு வந்து சேந்திருக்கு. அவ்வளவுதான். எங்க மேலதான் தப்பு, மன்னிச்சுக்குங்க."

நல்ல பொய். யாருக்கும் வலிக்காத பொய். எங்கள் எல்லோருக்குமே மூச்சு திரும்பியது. மகளும் தலையை ஆட்டினாள். ஆட்டியபடியே யோசித்தாள்.

"அப்ப ஆறு மணிக்கு எழுபத்திநாலு இருந்திருக்கு" என்றாள். "நல்லாத்தானே துடிச்சிருக்கு. ஆறு நாப்பதுக்குள்ள எப்படிங்க நிக்கும்?" அவள் போன் சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "எடுத்துட்டுப் போகும்போது கை சூடா இருந்துச்சு சிஸ்டர். நான் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் இருக்கும்னாங்க. அவர் உசிரோட இருந்தாரா?"

மேனேஜர் மறுபடியும் "லைன்" என்று ஆரம்பித்தார். போன் சிஸ்டர் அவரைக் கையமர்த்தினார். முந்தின நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன 'வெள்ளிக்கிழமை' எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும்.

"இங்க வாம்மா" என்று மகளின் தோளைத் தொட்டு மருந்து வண்டியிடம் கூட்டிப்போனார். இளைய நர்ஸ் விலகி நின்றாள். சிஸ்டர் வண்டியின் மூடியைத் தூக்கினார்.

மூடியின் உட்பக்கம் இருபத்திநான்கு ஒட்டுத்தாள்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. நோயாளிகளின் கைப்பட்டையில் உள்ள அதே கறுப்புக் கோடுகள், அதே பெயர்கள், கட்டில் எண்ணோடு. ஒவ்வொரு கட்டிலாகப் போக நேரமில்லாத பெண்கள், பட்டைகளை இன்னொரு பிரதி எடுத்து இங்கே ஒட்டிவைத்து, நின்ற இடத்திலேயே வரிசையாகக் கைபேசியைக் காட்டி, தோன்றிய எண்ணைப் போட்டு, மத்தியான நேரம் என்பதால் 'உறங்குகிறார்' என்று தட்டியிருக்கிறார்கள். பதினாறுக்கு அடுத்துப் பதினேழு. கை பழகிய வேகத்தில் அதையும் தட்டியாயிற்று. இறந்தவரின் கோப்பைக் கீழே ஆபீஸில் மாலைதான் மூடுவார்கள் என்பதால் கைபேசியும் தடுக்கவில்லை.

இதையெல்லாம் சிஸ்டர் மூன்று வாக்கியத்தில் சொன்னார். "ரெண்டு மணிக்கு யாரும் கட்டில்கிட்டப் போகலைம்மா. இங்கேர்ந்தேதான் போட்டாங்க. எனக்கு நேத்தே சந்தேகம் வந்துச்சு, இதைத் தூக்கிப் பாத்துட்டும் நான் பேசாம இருந்துட்டேன்."

மகள் அந்த மூடியையே பார்த்தாள். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. சாகாத அப்பாவைப் புதைத்துவிட்டோமோ என்ற பயத்துக்கு ஒட்டுத்தாள் ஒரு பதிலா?

சிஸ்டர் பதினேழாம் எண் ஒட்டுத்தாளை நகத்தால் கிளப்பி உரித்தார். தன் இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டார். அதன்மேல் கைபேசியைக் காட்டினார். திரையில் முதியவரின் பெயர் வந்தது.

"சிஸ்டர், வேண்டாம்" என்றார் மேனேஜர், தணிந்த குரலில். "உங்க நம்பர்ல ஏறிடும். செத்தவருக்கு நாடி போட்டதா உங்க பேர்ல நிக்கும். அப்புறம் நானே நெனச்சாலும் அழிக்க முடியாது. நாளைக்கு அறிக்கை வேற."

"ஏறட்டும் சார்."

கைபேசியை வண்டியின்மேல் வைத்துவிட்டு, வலது கை விரல்களைத் தன் மணிக்கட்டிலேயே வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். ஒரு நிமிஷம். இருபத்துமூன்று நோயாளிகளும் அவரையே பார்த்தார்கள். வெளியே வெயில் அப்படியே இருந்தது. நூற்றுப் பதினெட்டு என்று பதிந்தார். 'உறங்குகிறார்' என்பதையும் தொட்டார்.

மகளின் கைக்குள் கைபேசி அதிர்ந்தது. அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. 'நலம். நாடி 118. உறங்குகிறார்.'

"இது என்னோட நாடிம்மா" என்றார் சிஸ்டர். "ரெண்டு மணிக்கு வந்தது யாரோடதும் இல்ல. காலையில அவர் கையை நான்தான் பிடிச்சிருந்தேன். நின்னது என் விரலுக்குத் தெரியும். நின்னப்புறமும் ரொம்ப நேரம் விடல. சூடு போக நேரமாகும்மா."

மகள் கைபேசியைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டி, அப்பாவின் பெயர் ஒட்டியிருந்த அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். எங்கே பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல்கள் எலும்பின்மேல் தடுமாறின. போன் சிஸ்டர் அவளுடைய இரண்டு விரல்களை எடுத்து, துடிப்பு தெரியும் இடத்துக்குச் சற்று நகர்த்தி வைத்தார்.