நாலு மெகாபைட் மெஷினில் நின்றுபோன என் வீடு

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

இன்று ராஜபாளையம் கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் சாப்ட்வேரில் நான் வரைந்த வீட்டுப் படம் பாதியில் நின்றுவிட்டது.

"செருப்போட உள்ள வந்தியா ஏட்டி? தூசி பட்டா மெஷின் நின்னுரும்," என்றார் மாஸ்டர்.

"வெளியிலதான் கழட்டினேன் சார். இந்த சாப்ட்வேருக்கு எட்டு மெகாபைட் மெமரி வேணும்னு அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்கு. மெஷின ஆன் பண்ணும்போது நாலுதான் காட்டுது."

"பொம்பளப்புள்ளைக்கு டிசைன் எதுக்கு? நாளையிலருந்து டைப்பிங் பழகு."

அந்த நேரம் பார்த்து, பக்கத்து மெஷினில், மம்சாபுரத்திலிருந்து வந்து என்னோடு டிசைன் படிக்கும் அண்ணனின் படமும் நின்றது.

"அப்ப இந்த அண்ணனுக்கும் டைப்பிங்தானா சார்?" என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டார்.

நாளையும் டிசைன் மெஷினில்தான் உட்காருவேன். இதைப் படிக்கும் பெண்களே, துணைக்கு யார் வருகிறீர்கள்?

அண்ணன் சிரித்ததும் மாஸ்டர் எழுந்துபோய் விளக்கை அணைத்து, இன்றைய வகுப்பை முடித்துவிட்டார்.