ரேந்தையில் விழுந்த சொதி

தபால் கந்தோரில் ஒரு கடிதத்துக்கு ஒரு முத்திரை குத்தினால் போதும். மேர்லின் இரண்டு குத்துவாள். முதலாவது சரியாக விழவில்லையோ என்ற ஐயம். வேகிற பிட்டை மூன்று தரம் திறந்து பார்ப்பவள். காய்கிற புண்ணின் பொருக்கைப் பிய்த்துப் பார்ப்பவள். அவளுடைய கணவர் யோசேப்பு இருபத்தாறு வருடமாக ஒரே கதிரையில்தான் இருக்கிறார். கதிரைதான் மேர்லினின் கையால் வீட்டுக்குள் இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவளை நம்பி யோசேப்பின் அக்கா லூர்தம்மா, தங்கள் தாய் வெள்ளை நூலில் பூப்பூவாகப் பின்னிய ரேந்தை மேசைவிரிப்பைக் கொடுத்தாள் என்றால் அதற்குக் காரணம் மாதா. பங்கில் மாதா சொரூபம் வீடு வீடாக வந்து ஒருநாள் தங்கிப் போகிற மாதம் அது. அந்தக் குடும்பத்தில் எந்த வீட்டுக்கு வந்தாலும் மாதா அந்த விரிப்பின் மேல்தான் நிற்பார். சனிக்கிழமை மேர்லின் வீட்டு முறை. ஞாயிறு காலை விரிப்பு திரும்பிப் போகவேண்டும். லூர்தம்மாவின் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம்.

"சனிக்கிழமை வரைக்கும் அலுமாரிய விட்டு எடுத்துராத புள்ள," என்று சொல்லித்தான் லூர்தம்மா கொடுத்தாள்.

புதன்கிழமை பௌர்ணமிப் போயா, கந்தோர் லீவு. விடிந்ததும் மேர்லின் அதை மேசையில் விரித்துவிட்டாள். அளவு பார்க்க வேண்டாமா? யோசேப்பு இடியப்பத்தோடு வந்து இருந்தார். சொதிக் கோப்பை சற்றே சரிந்தது. நடுப்பூவின் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம்.

"நான் குசினியில சாப்பிடுறன் எண்டுதானே சொன்னன். மேசையில இரிங்க எண்டது ஆரு?"

"வாய மூடிட்டுத் தின்னுங்க."

சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் சிவந்தது. இன்னும் தேய்த்தாள், இன்னும் சிவந்தது. ஆரையோ வெட்டிப் போட்ட மாதிரி இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றில் போட வாங்கிய குளோரின் தூள் ஞாபகம் வந்தது. ஒரு கையில் டின், மறு கையில் போன். காத்தான்குடியில் கல்யாணச் சட்டை தைக்கிற றுமானாவுக்கு எடுத்தாள்.

"றுமானா, குளோரின் எத்தின கரண்டி போடணும்?"

"கிணத்துக்கா அக்கா?"

"ரேந்தைக்கு."

"முதல்ல டின்ன மூடுங்க. மூடுற சத்தம் எனக்குக் கேக்கணும்."

மூடினாள். கேட்டது.

"மஞ்சள்ல சவுக்காரம் பட்டாச் சிவக்கும். பயப்பிடாதீங்க. பச்சத் தண்ணியில அலசி சவுக்காரம் முழுக்கப் போகட்டும். தேசிக்காயப் பிழிஞ்சு அந்தப் புளியில தண்ணி கலந்து கறையில மட்டும் விடுங்க, ஒரு நாளைக்கு ஒருக்கா. வெள்ளத் துவாயில படுக்கப் போட்டு வெயில்ல வைங்க. கொடியில தொங்கவிட்டா ஈரப் பாரத்துக்கு இழுபட்டுரும். குளோரின் போட்டா கறையும் போகும், நூலும் போகும்."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல. கைய எடுங்க."

மற்றதெல்லாம் சுலபம். கையை எடுப்பதுதான் ஏலாமல் கிடந்தது.

யோசேப்பின் கதிரை முற்றத்துக்குப் போனது. அதன் மேல் பலகை, பலகையின் மேல் துவாய், துவாயின் மேல் விரிப்பு. தென்னை நிழல் ஒரு சாண் நகர்ந்தால் கதிரையும் ஒரு சாண் நகரும். காகத்தை விரட்டினாள்; காகம் இல்லாதபோதும் விரட்டினாள். வியாழனும் வெள்ளியும் அரைநாள் லீவு போட்டாள். கந்தோரில் இருந்த அரைநாளில் கடிதங்களுக்கு மூன்று முத்திரை விழுந்தது. வெள்ளி பின்னேரம் வாவிப் பக்கமிருந்து மேகம் வந்தபோது, தனக்கு எதிராக ஆரோ மனுப் போட்ட மாதிரி அண்ணாந்து பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒருக்கா என்ற தேசிக்காய், மணிக்கு ஒருக்கா ஆகியிருந்தது.

"பாவம், அதக் கொஞ்சம் நித்திரை கொள்ள விடு," என்றார் யோசேப்பு, இருக்க இடமில்லாமல் வாசல்படியில் குந்திக்கொண்டு.

சனி மத்தியானம் கறை போய்விட்டது. புளி போக அலசி எடுத்து உலர்த்தி மேசையில் விரித்தபோதுதான் மேர்லின் அதைக் கண்டாள். கறை இருந்த இடம் சோறு மாதிரி வெள்ளை. இத்தனை வருடமும் எல்லாரும் வெள்ளை என்று நம்பிய மிச்ச விரிப்பு, அதன் பக்கத்தில் பால்தேத்தண்ணி நிறம். அன்று வந்த மாதா சொரூபத்தைத் தூக்கி அந்த வெள்ளையை மறைக்கிற மாதிரி வைத்தாள். பீடம் சின்னது; வெள்ளை சுற்றிவரத் தெரிந்தது.

பின்னேரம் செபமாலை. லூர்தம்மா முன்வரிசையில் முழங்காலில். மேர்லின் மணிகளைத் தவறவிட்டுத் தவறவிட்டு உருட்டினாள். செபம் முடிந்து சனம் போனதும் லூர்தம்மா எழும்பி வந்து அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"என்ன புள்ள இது?"

"சொதி ஊத்துப்பட்டிட்டு மச்சாள். நான்தான் முந்தி விரிச்சன். சவுக்காரம் போட்டன், தேசிக்காய் போட்டன்..."

லூர்தம்மாவுக்குச் சொதி காதில் விழவில்லை. விரிப்பின் ஓரத்தைத் தூக்கி லைட்டுக்குப் பிடித்தாள்.

"அப்ப இவ்வளவு காலமும் இந்த ஊத்தையிலயா மாதாவ நிப்பாட்டி வச்சிருந்தம்?"

மேர்லின் மாதாவின் பீடத்தை ஒரு விரல் நகர்த்திப் பார்த்தாள்.

"நாளைக்கு இத மாப்பிள்ள வீட்டாருக்கு முன்னால விரிக்க ஏலாது. கடையில ஒண்டு வாங்குறன்." லூர்தம்மா கையிலிருந்த ஓரத்தை மேர்லினின் பக்கம் தள்ளினாள். "மத்த இடத்தையும் இப்பிடி ஆக்கித் தா. கலியாணம் தை மாசம். அதுவரைக்கும் நேரம் கிடக்கு."

ஞாயிறு காலை மாதா அடுத்த வீட்டுக்குப் போனார். யோசேப்பு குசினிச் சுவரில் சாய்ந்து நின்றபடி இடியப்பம் தின்றார். அவருடைய கதிரை விரிப்பைச் சுமந்துகொண்டு முற்றத்தில் வெயிலோடு சாண் சாணாகப் போய்க்கொண்டிருந்தது.