மலர்க்கொடி அக்காவின் புள்ளிக்கு வால் முளைத்தது

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. கம்பெனி வேன் எங்கே வருகிறது என்று விசாரித்துக்கொள்ள நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், வேன் திருமுல்லைவாயலைத் தாண்டும்போது மலர்க்கொடி அக்காவின் பெயர் தெரிந்தது. மாதக்கணக்கில் வேலைக்கு வராதவர் எழுதுகிறாரே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகு படித்தேன். “மலரு விடிகாலைல போய்ட்டா. ஊட்லதான் வெச்சிகீறோம். நாலு மணிக்கு எடுக்கறோம்.” அவர் கணவர் தேவராஜ் அண்ணன் அனுப்பியிருந்தார். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார்.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பார்க்காதவர்களுக்குச் சில வார்த்தைகள். எங்களுடையது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனி. துப்பாக்கியின் மேல் பொருத்தும் ரெட் டாட் சைட் செய்கிறோம். அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் குறியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும்; புள்ளி எங்கேயோ அங்கே குண்டு போகும். அது யார் மேல் நிற்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அக்கா கடைசிப் பரிசோதனையில் இருந்தார். இருட்டுத் தடுப்புக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சைட்டையும் கண்ணில் வைத்துப் பார்த்து, புள்ளி உருண்டையாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். நான் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள்.

சேர்ந்த அன்று என்னையும் அந்த இருட்டுக்குள் கூப்பிட்டு ஒரு சைட்டைக் கொடுத்தார். எனக்குத் தெரிந்தது புள்ளி இல்லை. காம்பு கிள்ளாத மிளகாய்ப் பழம். பீஸ் சரியில்லை என்றேன். அக்கா என் கையிலிருந்த சைட்டைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்பினார். காம்பு அசையவில்லை. “சைட்டுல கோளாறுன்னா அதுகூட சேந்து வாலும் சுத்தும்மே. சுத்தலல்ல? சைட்டு நல்லாத்தான் கீது. உன் கண்ணுதான் தண்ணி அட்ச்சிகினு கீது.” கண்ணின் முன்பக்க வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் இப்படித்தான் தெரியும், சிலிண்டர் பவர் போட்ட கண்ணாடி வாங்கினால் சரியாகிவிடும் என்றார். வாங்கினேன். சரியாகிவிட்டது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் தனக்குப் புள்ளி எப்படித் தெரிகிறதோ அப்படியே சிவப்பு மார்க்கரால் தடுப்புச் சுவரில் வரைந்து, கீழே பெயர் எழுத வேண்டும். ஒருவருக்குப் புளியங்கொட்டை, ஒருவருக்குத் திராட்சைக் கொத்து, மேலாளருக்கு ஒன்றுக்கு இரண்டு புள்ளி. “சாருக்கு சம்பளமும் அப்டித்தான் தெரியும்போல” என்று அக்கா அவர் காதுபடவே சொல்வார். சுவரில் சுத்தமான உருண்டை ஒன்றே ஒன்று. அது அக்காவுடையது. அதைக் காட்டாமல் யாரையும் அனுப்ப மாட்டார்.

அந்த மேசை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார். அவருடைய அப்பாவும் அம்மாவும் வெள்ளானூரில் மற்றவர் நிலத்தில் குனிந்தே வேலை செய்தவர்கள். அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. அக்காவின் தங்கை அங்கே வீட்டு வேலைக்குப் போகிறார். “எங்க ஊட்லயே உக்காந்து வேல செஞ்ச மொத ஆளு நான்தாம்மே. அந்த இருட்டுல எவனும் வந்து என்னிய அதிகாரம் பண்ண மாட்டான்.” பார்வை போனவர்களைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். அக்கா பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

போன வருடத்துக்கு முந்தைய வருட மழைக்காலத்தில் அக்காவின் புள்ளிக்கும் வால் முளைத்தது. வலது கண்ணில் மட்டும். அவரே சைட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், வால் திரும்பவில்லை. கைப்பேசி கேமரா வழியாகப் பார்த்தார். புள்ளி உருண்டையாக இருந்தது. கண்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுநாள் வேனில் எல்லோரிடமும் தானும் எங்கள் வால் சங்கத்தில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். சிரித்தோம். சுவரில் மாற்றி வரையச் சொன்னபோது, அது சேரும்போது ஒரு தடவை வரைவதோடு சரி என்றார். பக்கத்துக் கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர் போட்டுக்கொண்டார். புள்ளி மறுபடி உருண்டது.

சில மாதங்களில் வால் திரும்ப வந்தது. அதே கடை, கூடுதல் பவர். மறுபடியும் வந்தது. கடைக்காரர் வயசு நாற்பதாகிறது, அப்படித்தான் என்றார். மேலாளர், கண்ணாடி போட்டால் உருண்டையாகத் தெரிகிறதா, அது போதும் என்றார். புகார்களுக்கெல்லாம் நான் அனுப்பிக்கொண்டிருந்த பதிலும் அதுதான்: சைட்டைத் திருப்பிப் பாருங்கள், வால் திரும்பாவிட்டால் கோளாறு கருவியில் இல்லை. அந்த வாக்கியம் முழுக்க உண்மை. அதோடு எங்கள் எல்லோருக்கும் விஷயம் முடிந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, அங்கே டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் இங்கே மேலாளர் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார் என்றார் அக்கா.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்தக் கண்ணின் ஓரத்தில் நிழல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்த்தார்கள். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸுக்குப் பின்னால் ஒரு புற்றுக்கட்டி. அது லென்ஸை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. தள்ளத் தள்ளப் பவர் ஏறியிருக்கிறது. கண்ணை எடுத்தார்கள். அதற்குள் அது ஈரலுக்குப் போயிருந்தது.

கண்ணை எடுத்த பிறகு மேனாம்பேட்டிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட பக்கத்தைச் சுவரோடு வைத்து உட்கார்ந்திருந்தார். இடது கண்ணால் பார்த்து வேலை செய்தால் ஒத்துக்கொள்வார்களா என்றுதான் முதலில் கேட்டார். நான் பழத்தைப் பையிலிருந்து எடுத்து அடுக்குவதைப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கமே திரும்பிச் சொன்னார்: “கண்ணுதான்னு கண்டுபுட்ச்சதே நான்தாம்மே. கண்ணுல இன்னான்னு கேக்காம உட்டுட்டேன்.” தேவராஜ் அண்ணன் எழுந்து வெளியே போய்த் தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த வண்டி.

அடுத்தமுறை போனபோது உடம்பு மஞ்சளாக இருந்தது, வயிறு வீங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. அதற்கு அப்புறம், எடுக்கிற அன்று நாலு மணிக்குத்தான் போனேன். முகத்தில் மஞ்சள் தடவி, பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். அடுக்குமாடிப் பால்கனிகளில் நின்று சிலர் வேடிக்கை பார்த்தார்கள். மேலாளர் மாலையோடு வந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, அவர் தன்னிடம் கேட்காமல் விட்ட கேள்விகள். புகார் சொல்கிறவர்களை இப்போது தொலைபேசியில் கூப்பிட்டே கேட்கிறேன்: வால் ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? முதலிலிருந்தே இருக்கிறதா, இப்போது வந்ததா? வளர்கிறதா? நாம் என்ன டாக்டரா என்று மேலாளர் ஒருமுறை கேட்டார். பிறகு கேட்பதில்லை.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், போட்டிகளில் சுடுகிறவர், புது சைட் சரியில்லை என்று கோபமாக எழுதியிருந்தார். கூப்பிட்டேன். திருப்பிப் பார்க்கச் சொன்னேன், வால் திரும்பவில்லை. மற்றவற்றையும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது கண்ணில் மட்டும்தான், கொஞ்ச நாளாகத்தான், போன மாதம் இவ்வளவு இல்லை என்றார். கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன்.

“அப்ப சைட்டுல ஒண்ணும் இல்லீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன்.”